கிளிங்கன் அகராதி: ஒரு டப்பிங் வசனகர்த்தாவின் பார்வையில்

நான் டப்பிங் வசனம் எழுதுகிறவன். சாலிகிராமத்தில் ஏதாவது ஒரு ஸ்டுடியோவின் கண்ணாடி அறைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, திரையில் அசைகிற அந்நிய வாய்க்குள் தமிழை நுழைப்பது பிழைப்பு. கொரியன் தொடரில் கதாநாயகி மூன்று அசையில் அழுதால் நானும் மூன்று அசைக்குள் அழவைக்க வேண்டும். உதடு ஒட்டுகிற இடத்தில் ப, ம ஏதாவது விழ வேண்டும். வாய் பிளக்கிற இடத்தில் 'ஆ' வேண்டும். அர்த்தம்? அதுவும் வேண்டும்தான். ஆனால் க்ளோஸ்-அப்பில் அது இரண்டாம் பட்சம்.

இப்படிப்பட்ட ஆள் எதற்கு 'தி கிளிங்கன் டிக்‌ஷனரி' வாங்க வேண்டும்? அமெரிக்க விண்வெளித் தொடரான ஸ்டார் ட்ரெக்கின் ரசிகன் என்று சொல்லிக்கொள்கிற அளவுக்கு நான் அந்தத் தொடரைப் பார்த்ததுகூட இல்லை. நெற்றியில் மேடு மேடாக இருக்கும் போர்வெறி பிடித்த வேற்றுக்கிரகவாசிகள், அவர்களுக்கென்று ஒரு பாஷை, அதற்கு ஒரு நிஜ அகராதி. இவ்வளவுதான் தெரியும். வாங்கவைத்தது ஒரே ஒரு வினைச்சொல்லின் கதை. அதைச் சொல்லாமல் இந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல முடியாது, ஆனால் முதலில் புத்தகத்தைப் பார்த்துவிடலாம்.

எழுதியவர் மார்க் ஓக்ராண்ட். 1985ல் அமெரிக்காவின் பாக்கெட் புக்ஸ் வெளியிட்டது. 1992ல் பிற்சேர்க்கையோடு மறுபதிப்பு வந்தது. 200 பக்கத்துக்கும் குறைவான கையடக்கப் புத்தகம். முதல் பாதி இலக்கணம், அப்புறம் கிளிங்கனிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து கிளிங்கன், கடைசியில் பயணிகளுக்கான வாக்கியங்கள். 'கழிப்பறை எங்கே இருக்கிறது?', 'நல்ல ஹோட்டல் எங்கே இருக்கிறது?' இரண்டும் உண்டு. நான் வாங்கியது 1992 பதிப்பில் பழைய பிரதி ஒன்று, இணையத்தில். 'மிக நல்ல நிலை' என்று போட்டிருந்தார்கள். வந்து சேர்ந்தபோது முதுகு உரிந்து, வினைச்சொல் அத்தியாயத்தின் நடுவில் யாரோ டம்ளர் வைத்த வட்டம். விற்றவர் பெயர் எதற்கு, விடுங்கள். அந்த வட்டம் இருக்கிற பக்கத்தைத்தான் நான் அதிகம் புரட்டுகிறேன், ஆகவே தேடுவதற்கு வசதி.

ஓக்ராண்டைப் பற்றித் தெரிந்துகொண்டால் புத்தகத்தின் மேல் மரியாதை கூடும். சும்மா ஒரு சினிமாக்காரர் இல்லை. கலிஃபோர்னியாவின் பூர்வகுடி மொழிகளில் ஒன்றான முட்சுன் மொழியின் இலக்கணத்தை ஆராய்ந்து, 1977ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். பேசுகிற கடைசி ஆளும் போய்விட்ட மொழி அது, பழைய குறிப்புகளிலிருந்து எடுத்துத் தொகுத்திருக்கிறார். அப்புறம் காது கேளாதவர்களுக்காகத் தொலைக்காட்சியில் வசனத்தை எழுத்தாகக் காட்டுகிற நிறுவனத்தில் வேலை. 1982ல் ஆஸ்கர் விழாவை நேரலையில் எழுத்தாக்கும் வேலைக்காக லாஸ் ஏஞ்சலிஸ் போன இடத்தில் ஸ்டார் ட்ரெக் இரண்டாம் படத்துக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். வல்கன் என்ற இன்னொரு இனத்தார் இருவர் பேசுகிற ஒரு காட்சியை ஆங்கிலத்தில் எடுத்துவிட்டார்கள், அதை அவர்கள் பாஷையில் மாற்ற வேண்டும், உதடு மட்டும் பொருந்த வேண்டும்.

இதைப் படித்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். நம்ம ஆள்! ஆங்கில வாயசைவைப் பார்த்து, அதற்குப் பொருந்துகிற மாதிரி இல்லாத மொழியில் இல்லாத வார்த்தையை உண்டாக்கியிருக்கிறார். நாங்களாவது இருக்கிற தமிழிலிருந்து பொறுக்குகிறோம். அவருக்கு அகராதியே உதட்டிலிருந்துதான் வந்தது.

கிளிங்கன் அவர் ஒருவரே தொடங்கியதும் இல்லை. 1979ல் வந்த முதல் படத்தில் கிளிங்கன்கள் பேசிய நாலைந்து வரிகளுக்கு ஒலி கொடுத்தவர் ஜேம்ஸ் டூஹன், தொடரில் ஸ்காட்டியாக நடித்தவர். 1984ல் மூன்றாம் படத்துக்காக ஓக்ராண்டைக் கூப்பிட்டபோது, ஏற்கெனவே திரையில் வந்துவிட்டது என்பதால் அந்த ஒலிகளை அடித்தளமாக வைத்துக்கொண்டு மேலே கட்டினார்.

இங்கே ஒரு எழுத்துப் பிரச்சினை. கிளிங்கனை ஆங்கில எழுத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கலந்து எழுதுகிறார்கள், பெரியது வேறு ஒலி, சின்னது வேறு ஒலி. நான் தமிழில் எழுதுகிறேன். தொண்டையைக் காறுகிற மாதிரி வரும் ஒரு 'ஹ' அடிக்கடி வரும். அதற்கு ஆய்தத்தைப் போட்டுக்கொள்கிறேன். 'அஃது' என்று அழுத்திச் சொன்னால் கிட்டத்தட்ட அந்த இடம்தான். பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் ஆய்தத்துக்கு இப்போதுதான் வேலை கொடுக்கிறேன்.

ஒலிகளைப் பற்றிய அத்தியாயம் தமிழர்களுக்குச் சிரிப்பு வரவழைக்கும். 'வீடு' என்கிற சொல்லில் வருகிற 'டு' இருக்கிறதே, நாக்கை மடித்து மேலண்ணத்தில் தொடுகிற அந்த ஒலி, அதை ஆங்கில வாசகனுக்கு விளக்க ஓக்ராண்ட் படாத பாடுபடுகிறார். நாக்கை இங்கே வை, பல்லுக்கும் மென்மையான அண்ணத்துக்கும் நடுவில் வை என்று. அப்புறம் அதே இடத்தில் நாக்கை வைத்துக்கொண்டு 'ஸ்' சொல்லச் சொல்கிறார். அது நம்ம 'ஷ்'. அப்புறம் கொப்பளிக்கிற மாதிரி ஒரு 'க' என்கிறார். 'மகன்', 'பகல்' என்று வேகமாகப் பேசும்போது நம் வாயில் தானாக வருகிறது. பாதி அத்தியாயம் நமக்கு இலவசம். மிச்சப் பாதி, குறிப்பாக நாக்கின் இரண்டு பக்கமும் காற்று வெடித்துக்கொண்டு வருகிற ஒரு 'ட்ல்', யாருக்கும் இலவசம் இல்லை.

சரி, வினைச்சொற்களுக்கு வருவோம். கிளிங்கனில் வேலை பார்ப்பது வினைச்சொல்தான். முன்னால் ஒரு ஒட்டு, யார் யாருக்குச் செய்கிறார் என்று சொல்லும். பின்னால் ஒன்பது வகை விகுதிகள் வரிசை மாறாமல் வரும். ஆங்கிலத்தில் படிக்கிறவனுக்கு இது பிரமிப்பு. 'போகவைத்துக்கொண்டிருந்தார்களாம்' என்று ஒரே மூச்சில் சொல்கிற நமக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கிறது. கேள்வி கேட்க வேண்டுமானால் வினைச்சொல்லின் கடைசியில் 'ஆ' சேர்க்க வேண்டும். நிஜமாகவே 'ஆ'தான். 'யாஜ்' என்றால் புரி, 'பியாஜ்-ஆ?' என்றால் 'உனக்குப் புரிகிறதா?'. ஓக்ராண்ட் தமிழைப் பார்த்து எடுத்தாரா என்றெல்லாம் கிளம்ப வேண்டாம், உலகத்தில் எத்தனையோ மொழிகளில் கேள்வி விகுதி உண்டு. ஆனால் அந்த வரியைப் படித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க விருப்பமில்லை.

வாக்கிய வரிசையும் அப்படி. கிளிங்கனில் செயப்படுபொருள் முதலில், வினை நடுவில், எழுவாய் கடைசியில். புத்தகத்தில் வருகிற உதாரணம்: 'குழந்தையைப் பார்க்கிறார் அதிகாரி.' உலக மொழிகளில் அரிதான வரிசை என்பதால் வேண்டுமென்றே பிடித்தாராம். நம் ஊர் செய்தித்தாளில் தினமும் இந்த வரிசையில் தலைப்பு வருகிறது.

விகுதிகளில் இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஏழாம் வகையில் 'டாஃ', 'லி' என்று இரண்டு இருக்கின்றன. இரண்டும் 'கொண்டிருக்கிறது' என்கிற பொருளைத் தருபவை. வித்தியாசத்துக்கு ஓக்ராண்ட் தருகிற உதாரணம் ஏவுகணை. 'ச்சோல்' என்றால் நெருங்கு. 'ச்சோல்டாஃ' என்றால் ஏவுகணை நெருங்கிக்கொண்டிருக்கிறது, எதைக் குறிவைத்து வருகிறது என்று தெரியாது. 'ச்சோல்லி' என்றால் நெருங்கிக்கொண்டிருக்கிறது, குறி எது என்று தெரியும். தமிழில் இரண்டுக்கும் ஒரே 'நெருங்கிக்கொண்டிருக்கிறது'தான். குறி நாம்தான் என்றால் 'நெருங்கிட்டே வருது' என்று குரலை உயர்த்திச் சமாளிப்போம். டப்பிங் ஆர்ட்டிஸ்ட்டிடம் 'கொஞ்சம் பதட்டமா' என்று சொல்லி வாங்குகிற விஷயத்தை இவர்கள் ஓர் அசையில் முடித்துவிடுகிறார்கள்.

இன்னொரு விகுதி 'விப்'. 'செய்யப் பயப்படுகிறான்' என்று பொருள். அவன் பயப்படுகிறான், நீ பயப்படுகிறாய் என்றெல்லாம் சொல்லலாம். 'நான்', 'நாங்கள்' என்பவற்றோடு சேர்ப்பது கிளிங்கன்களிடையே தகாத பேச்சு. இலக்கணத்தில் தடை எதுவும் இல்லை. மானப் பிரச்சினை.

இப்போது நான் புத்தகம் வாங்கக் காரணமான வினைச்சொல்.

கிளிங்கனில் 'இரு' என்று ஒரு வினைச்சொல் கிடையாது. ஓக்ராண்ட் வேண்டுமென்றே விட்டுவிட்டார். ஆங்கிலம் பேசுகிறவனுக்கு அது இல்லாமல் ஒரு வாக்கியம்கூட நகராது, ஆகவே அதை எடுத்துவிட்டால் வேற்றுக்கிரகத் தன்மை தானாக வந்துவிடும். 'நான் கிளிங்கன்' என்று சொல்ல 'கிளிங்கன்', 'நான்' என்று இரண்டு சொல்லை வைத்தால் போதும். நமக்கு இதில் அதிர்ச்சி எதுவும் இல்லை. 'அவர் வாத்தியார்' என்று சொல்லிவிட்டு நாம் பாட்டுக்குப் போகிறோம், 'இருக்கிறார்' என்று யார் சேர்க்கிறார்கள்?

வினை வந்தது 1991ல். ஆறாம் படம், இயக்குநர் நிக்கோலஸ் மேயர். விண்கலத்தில் விருந்து. கிளிங்கன்களும் மனிதர்களும் முறைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். ஷேக்ஸ்பியரை மூல கிளிங்கனில் படித்தால்தான் ருசி என்று கிளிங்கன் தலைவர் சொல்கிறார். உடனே ஜெனரல் சாங்காக நடிக்கிற கிறிஸ்டோபர் பிளம்மர், ஹாம்லெட்டின் அந்தப் பிரசித்தமான வரியைக் கிளிங்கனில் சொல்ல வேண்டும். இருப்பதா, இல்லாமல் போவதா. உலகத்தில் இருக்கிற எல்லா வரிகளையும் விட்டுவிட்டு, 'இரு' என்ற வினையே இல்லாத மொழியில் 'இரு' என்ற வினை மேலேயே நிற்கிற வரி!

ஓக்ராண்ட் முதலில் கொடுத்தது 'யின் பாக் யின்பெ'. 'யின்' என்றால் வாழ், உயிரோடிரு. 'பாக்' என்றால் அல்லது. 'பெ' எதிர்மறை விகுதி. வாழ்வது அல்லது வாழாதிருப்பது. அர்த்தம் சுத்தம். பிளம்மருக்கு அது பிடிக்கவில்லை. ஓக்ராண்ட் திரும்பிப் போய் யோசித்து, 'டாஃ பாக் டாஃபெ' என்று கொடுத்தார். அதுதான் படத்தில் இருக்கிறது.

பிளம்மர் ஏன் மறுத்தார் என்பதை ஒரு டப்பிங்காரனாக எனக்குச் சோதித்துப் பார்க்க ஆசை. மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் ஸ்டுடியோவில் இருக்கிற சவுண்ட் இன்ஜினியர் தம்பியைப் பிடித்தேன்.

"தம்பி, ரெண்டு லைன் எடுக்கணும். பில்லு கிடையாது."

"என்ன பாஷை சார்? கெட்ட வார்த்தை எதுவும் இல்லையே?"

"ஷேக்ஸ்பியர்ப்பா."

"அப்ப சரி, வாங்க."

மைக் முன்னால் நின்று முதலில் 'யின்', அப்புறம் 'டாஃ' பேசினேன். உதடு ஒட்டுகிற கணக்கு இரண்டிலும் ஒன்றே, ஒரு ப, ஒரு பெ. ஆங்கில மூலத்திலும் உதடு இரண்டு தடவைதான் ஒட்டுகிறது. ஆகவே சிக்கல் உதட்டில் இல்லை. உயிரெழுத்தில் இருக்கிறது. 'யின்' என்கிற 'இ'க்கு வாயைத் திறக்க முடியாது, பல்லிடுக்கில் நழுவி மூக்கில் போய் முடிகிறது. திரையில் அலை வரைபடம் மெலிந்து கிடந்தது. 'டாஃ' வெடித்துத் தொடங்குகிறது, 'ஆ'வில் வாய் பிளக்கிறது, தொண்டை காறி முடிகிறது. வரைபடம் கொழுத்து நின்றது. "சார், ரெண்டாவதுதான் வில்லன்" என்றான் தம்பி, நான் எதுவும் கேட்காமலேயே. மேடையில் ஷேக்ஸ்பியர் நடித்தே பெயர் வாங்கிய பிளம்மருக்கு இதைச் சொல்லித் தர ஆள் தேவைப்பட்டிருக்காது. வாயில் போட்டதுமே தெரிந்திருக்கும்.

ஆனால் ஓக்ராண்ட் 'டாஃ'வை வானத்திலிருந்து பிடுங்கவில்லை. மேலே ஏவுகணை உதாரணத்தில் பார்த்த அதே விகுதி. 'கொண்டிரு' என்று பொருள் தருகிற விகுதியை வேரோடு பிடுங்கித் தனிச் சொல்லாக நட்டுவிட்டார். பொருள்: தொடர், நீடி, நிலைத்திரு, தாங்கு.

இது வழக்கமான போக்குக்குத் தலைகீழ். தமிழில் 'இரு' ஒரு முழு வினை. உட்கார் என்றும் பொருள், தங்கு என்றும் பொருள், 'இரு, வர்றேன்' என்றால் பொறு என்றும் பொருள். அது இன்னொரு வினையின் வாலில் ஒட்டி 'செய்துகொண்டிரு' ஆகி, பேச்சில் 'செஞ்சுகிட்டிரு' ஆகி, 'செஞ்சிட்ருக்கான்' என்று தேய்ந்து, வினைச்சொல் விகுதி மாதிரி ஆகிவிடுகிறது. ஓக்ராண்ட் தேய்ந்த நுனியிலிருந்து தொடங்கி முழு வினைக்குப் போகிறார். படப்பிடிப்புக்கு நேரமாகிறது, நடிகர் காத்திருக்கிறார், கையில் இருக்கிற ஒரே உதிரி பாகம் அந்த விகுதி. இப்படி ஒரு நெருக்கடியில் பிறந்த சொல்லுக்கு 'தாக்குப்பிடி' என்கிற பொருள் அமைந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

ஆமாம், தாக்குப்பிடி. தமிழ் டப்பிங்குக்கு அந்த வரி என் கையில் வந்திருந்தால் இதைத்தான் போட்டிருப்பேன். 'தாக்குப்பிடி, இல்ல தாக்குப்பிடிக்காதே' என்றால் நீளம். 'தாக்குப்பிடிப்பதா, வேண்டாமா' என்று வைத்தால் 'டாஃ' வெடிக்கிற இடத்தில் 'தாக்' வெடிக்கிறது, 'ஆ'வுக்கு 'ஆ' கிடைக்கிறது, அவர் உதடு மூடுகிற இடத்துக்குப் பக்கத்தில் நம் 'ப்'பும் வந்துவிடுகிறது. பொருளோ, வழக்கமாகப் போடுகிற 'இருப்பதா, இறப்பதா'வை விட மூல கிளிங்கனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஹாம்லெட் சாவைப் பற்றிப் புலம்புகிறான். சாங் கேட்பது வேறு: நாம் நீடிக்கப் போகிறோமா? அந்தப் படத்தின் கதையே கிளிங்கன் பேரரசு சரிந்துகொண்டிருப்பதுதான், எதிரியோடு சமாதானம் பேச வேண்டிய நிலைமை. 'யின்' என்று சொல்லியிருந்தால் அது ஒரு தனி மனிதனின் கவலையோடு நின்றிருக்கும்.

இதே வினையில் '-ஜாஜ்' என்கிற விகுதியைச் சேர்த்தால் வாழ்த்து. 'டாஃஜாஜ் வோ' என்றால் பேரரசு நீடூழி வாழ்க. நம் வியங்கோள் 'க' இருக்கிறதே, 'வாழ்க', 'வெல்க' என்பதில், அதே வேலையை 'ஜாஜ்' செய்கிறது. ஆங்கிலத்தில் இதை மொழிபெயர்க்க மூன்று நாலு சொல் வேண்டும். தமிழில் ஒரு எழுத்து.

இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு அகராதியைத் திறந்தால் வேடிக்கை. 1985 சொற்பட்டியலில் ஏற்கெனவே ஒரு 'டாஃ' இருக்கிறது. பொருள்: எதிர்மறைக் கோணத்தில் இருப்பது. விண்கலத்தை ஓட்டுகிறவர்களின் சொல், மூக்கு கீழே சாய்ந்திருக்கிறது என்பதற்கு. ஆறு வருஷம் கழித்து அதே ஒலியில் ஹாம்லெட் வந்து உட்கார்ந்தார். 'பாக்' என்பதற்கும் 'அல்லது' தவிர 'பூஜ்யம்', 'ஒன்றுமில்லை' என்று பொருள் உண்டு. ஆக, குறும்புக்காரன் ஒருவன் அந்த வரியை 'கீழே சாய்ந்திருக்கிறது, பூஜ்யம், சாயவில்லை' என்றும் படிக்கலாம். நிஜ மொழிகளில்தான் இப்படிக் குழப்பம் இருக்கும். செயற்கை மொழி என்றால் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று சுத்தமாக இருக்கும் என நினைத்திருந்தேன். அதைவிட இது எவ்வளவோ மேல்.

இன்னொரு வினையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது எங்கள் தொழிலின் பச்சையான உண்மை. மூன்றாம் படத்தில் கிளிங்கன் தளபதி ஒரு வரி பேசுகிறார்: 'கமாபு ஜோன்டா நெஃ'. எழுதியபோது அதற்குப் பொருள் 'உன்னிடம் சொன்னேனே, என்ஜினை மட்டும்' என்று. படத்தை எடிட் செய்தபோது கதைக்கு வேறு வரி தேவைப்பட்டது. திரையில் ஓடவேண்டிய எழுத்து 'கைதிகள் வேண்டும் என்றேன்' என்று மாறிவிட்டது. வாய் ஏற்கெனவே பேசிவிட்டது, மாற்ற முடியாது. ஓக்ராண்ட் என்ன செய்தார்? அர்த்தத்தை மாற்றினார். 'சொன்னேன்' என்றிருந்தது 'கைதிகள்' ஆயிற்று. 'என்ஜின்' என்ற 'ஜோன்டா'வை உடைத்து 'ஜோன்' என்றால் பிடி என்று ஒரு வினை பண்ணினார். 'மட்டும்' என்ற 'நெஃ'வுக்கு 'விரும்பு' என்று இன்னொரு பொருள் சேர்ந்தது. 'என்ஜின்', 'மட்டும்' என்ற பழைய பொருள்களும் அகராதியில் அப்படியே இருக்கின்றன. இன்னொரு வினையைத் தாங்கி நிற்கும்போது மற்ற வினைகளுக்குப் பெரும்பாலும் 'அதை' என்று பொருள்படும் ஒரு சின்னச் சொல் நடுவில் வேண்டும். 'நெஃ'வுக்கு வேண்டாம். புத்தகத்தில் அது விதிவிலக்கு என்று கம்பீரமாக அச்சிட்டிருக்கிறது. காரணம்? நடிகர் பேசிய வரியில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. அவ்வளவுதான்.

எடிட்டில் காட்சி மாறி, நாங்கள் எழுதிய வசனத்துக்குத் தலையும் வாலும் புரியாமல் போய், ராத்திரி பதினோரு மணிக்குத் திரும்ப மாற்றுகிற வேலை எனக்கு நன்றாகத் தெரியும். அதை இலக்கண விதியாக்கிவிடலாம் என்று இதுவரை தோன்றியதில்லை.

குறைகள் இல்லாமலில்லை. முதலாவது, இந்தப் புத்தகம் தன் பிறப்புக் கதையைச் சொல்வதே இல்லை. நான் மேலே சொன்ன எதுவும், பிளம்மரோ என்ஜினோ, அதில் கிடைக்காது, ஓக்ராண்ட் பிற்பாடு பேட்டிகளிலும் மேடைகளிலும் சொன்னவை அவை. புத்தகம் முழுக்க, கிளிங்கன்கள் நிஜம், அவர்கள் மொழியை ஆராய்ச்சி செய்து தொகுத்தது என்ற பாவனையிலேயே போகிறது. புதுச் சொல் வேண்டுமென்றால் மால்ட்ஸ் என்ற கிளிங்கன் கைதியைக் கேட்டுச் சொல்கிறேன் என்பது ஓக்ராண்டின் நிரந்தர ஜோக். ரசிகர்களுக்கு அது பிடிக்கும். எனக்கோ, சமையல்கட்டைக் காட்டாத ஹோட்டல் மாதிரி இருக்கிறது.

இரண்டாவது, சொல்வளம் ஒருபக்கமாகச் சாய்ந்தது. கலம், ஆயுதம், கைதி, கட்டளை தாராளம். வீட்டுப் பேச்சுக்கு வேண்டியது குறைவு. போர்ப்படங்களுக்காகப் பிறந்த மொழி வேறு எப்படி இருக்கும்? மூன்றாவது, பெரிய எழுத்து சின்ன எழுத்து விவகாரம் கண்ணை உறுத்துகிறது. ஒரே எழுத்தின் பெரிய வடிவமும் சின்ன வடிவமும் வெவ்வேறு 'க'. பட்டியலில் அடுத்தடுத்து வேறு வேறு வரிசையில் வரும். தமிழில் ல, ள, ழ மூன்றையும் வைத்துக்கொண்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும்.

நான்காவது, அச்சில் படித்து உச்சரிப்பு வராது. 1992ல் இதற்கென்றே ஆடியோ கேசட் போட்டார்கள். இப்போது கிளிங்கன் லாங்குவேஜ் இன்ஸ்டிடியூட் என்று லாரன்ஸ் ஷோன் 1992ல் தொடங்கிய அமைப்பு இருக்கிறது. அகராதிக்குப் பின் ஓக்ராண்ட் அங்கீகரித்த சொற்களையெல்லாம் அவர்கள்தான் தொகுத்து வைத்திருக்கிறார்கள். முழு ஹாம்லெட்டையும் கிளிங்கனில் பெயர்த்து 1996ல் வெளியிட்டது அவர்கள்தான், 2000ல் பாக்கெட் புக்ஸ் அதைச் சாதா அட்டையில் போட்டது. ஒரு படத்தின் ஒற்றை வரி ஜோக்கை இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போனவர்களைக் கும்பிட வேண்டும். பேசிப் பழக ஆசைப்படுகிறவர்களுக்கு 2018 முதல் டுவோலிங்கோவில் பாடம் உண்டு, 'போக்வி' என்று இலவச அகராதிச் செயலியும் உண்டு. சொல் தேட மட்டும் என்றால் செயலியே போதும், புத்தகம் வேண்டாம்.

'பாகுபலி'யில் காலகேயர்கள் பேசுகிற கிளிக்கியோடு ஒப்பிட்டுச் சொல் என்று நண்பர் ஒருவர் கேட்டார். மதன் கார்க்கி உருவாக்கியது, 2015ல் திரைக்கு வந்தது. பெயர்ப் பொருத்தத்தைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை. தவிர, கிளிக்கிக்கு நான் டப்பிங் எழுத வேண்டிய அவசியம் வராது, தியேட்டரில் அது தமிழனுக்கும் தெலுங்கனுக்கும் ஒரே மாதிரி புரியாமல் இருக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

யார் வாங்கலாம்? வசனம் எழுதுகிறவர்கள், சப்டைட்டில் போடுகிறவர்கள், இலக்கணம் என்றால் முகம் சுளிக்காதவர்கள். இலக்கணப் பகுதி ஒன்றுக்காகவே, அதிலும் வினைச்சொல் அத்தியாயத்துக்காகவே காசு கொடுக்கலாம். ஒரு மொழியை வெளியிலிருந்து பார்த்து விவரிக்கிற ஆளின் சுத்தமான எழுத்து, எங்கும் வளவளப்பு இல்லை. ஸ்டார் ட்ரெக் பார்க்கிற பிள்ளைக்குப் பரிசாகத் தரலாமா என்றால், தரலாம், ஆனால் அந்த 'ட்ல்' ஒலியை வீட்டில் நாள்முழுக்கக் கேட்கத் தயாராக இருங்கள். அவசரமாக ஒரு கிளிங்கன் வாக்கியம் வேண்டும், கல்யாணப் பத்திரிகையில் போட வேண்டும் என்கிறவர்கள் வாங்க வேண்டாம்.

ஐந்துக்கு நாலு. வாங்கும்போது 1992 பிற்சேர்க்கை இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டு, முடிந்தால் முதுகைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் 'டாஃ' இருக்கிற வரிக்குப் பக்கத்தில், மூக்கு சாய்ந்த விண்கலத்துக்கு எதிரே, பென்சிலால் இன்னொரு பொருளையும் எழுதிக்கொள்ளுங்கள். என் பிரதியில் 'தாக்குப்பிடி' என்று எழுதியிருக்கிறேன்.